செட்டிநாட்டிலிருந்து கடலாமைக் காவலுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தை பிறந்ததும் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கமிருந்து ஆட்கள் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். கடலாமை முட்டைகளை இரவில் தேடிக் காக்க, கடற்கரை ஊர்க்காரர்கள் நடத்தும் ஆமைக் காவலுக்கு இங்கிருந்து தன்னார்வலர்களைச் சேர்த்து அனுப்பும் வேலை என்னிடம் இருப்பதால், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் விடை எழுதிவைக்கிறேன். நாங்கள் போகும் ஊரின் பெயர் இதில் இருக்காது. முட்டைக் குழி இருக்கும் இடம் பொதுவில் தெரியக் கூடாது என்பது அந்த ஊர்க்காரர்களின் விருப்பம். எங்களுக்கும் அது சரியென்றே படுகிறது.

கடலே இல்லாத செட்டிநாட்டிலிருந்து கடலாமைக்கு என்ன செய்துவிட முடியும்?

பழைய எல்லைக் கணக்கில் கிழக்கே கடல், மேற்கே பிரான்மலை, வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை என்றுதான் நம் பெரியவர்கள் இந்த நாட்டைச் சொன்னார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்றைக்கும் தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் பஸ்ஸில் போய்ச் சேர ஒரு காலை நேரம் போதும். ராமேசுவரம் போகும் ரயில் காரைக்குடியில் நிற்கிறது. அறந்தாங்கி, பட்டுக்கோட்டை வழியாகத் திருத்துறைப்பூண்டிக்குப் போனால், அங்கிருந்து வேதாரண்யத்தை ஒட்டிய அகஸ்தியம்பள்ளி வரை ரயில் பாதை இருக்கிறது. கோடியக்கரை அதற்கு அடுத்ததுதான். தூரத்தைக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஊரே சேர்ந்து ஓர் உயிரைக் காப்பதும் நமக்குப் புதிதல்ல. திருப்பத்தூரை அடுத்த கொள்ளுகுடிப்பட்டியில், வேட்டங்குடிக் கண்மாய்களுக்கு வந்து கூடு கட்டும் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காக மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. 1977-இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் வெடிக் கட்டை ஒதுக்கிவைப்பது அந்த ஊர்ப் பிள்ளைகள். சட்டம் மட்டும் இருந்து, ஊர் இல்லாமல் போயிருந்தால் அங்கே இத்தனை நாரைகள் வந்து கூடு கட்டியிருக்கா. கடற்கரையிலும் நிலைமை இதுதான்.

தொண்டிக் கடற்கரையிலேயே ஆமை முட்டையிடுவதைப் பார்க்கலாமா?

அதை எதிர்பார்த்துத் தொண்டிக்குப் போக வேண்டாம். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, அலை அடங்கியது; பல இடங்களில் கரை சேறும் சகதியுமாக இருக்கும். முட்டையிட வரும் ஆமைக்கு அலை மோதும் சரிவும், தோண்டினால் இடிந்து விழாத ஈர மணலும் வேண்டும். அப்படிப்பட்ட கரைகள் தனுஷ்கோடியிலும் கோடியக்கரையிலும் இருக்கின்றன. அந்த இரண்டு இடங்களிலும், முட்டைகளை வேலிக்குள் புதைத்துக் காக்கும் பொரிப்பகங்களை வனத்துறை நடத்துகிறது.

தொண்டிப் பக்கத்துக் கடலின் செல்வம் வேறு. அங்கே நீருக்கடியில் கடற்புல் படுகைகள் விரிந்து கிடக்கின்றன. பேராமை அங்கேதான் மேய்கிறது, கடற்பசுவும் அங்கேதான் மேய்கிறது. அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையுள்ள 448 சதுர கிலோமீட்டர் கடல் பரப்பை 2022-இல் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது இந்தப் புல்வெளிகளை நம்பித்தான். ஆகவே அந்தக் கரையில் தன்னார்வலருக்கு உள்ள வேலை, வலையில் சிக்கும் ஆமையைப் பற்றி மீனவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்வதும், கரையில் ஒதுங்கிக் கிடக்கும் அறுந்த வலைகளைப் பொறுக்குவதும். கடல் படிப்பில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு இன்னொரு செய்தி: அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில்தான் இயங்குகிறது.

எந்த ஆமைக்காக இத்தனை பாடு?

நம் கடலில் ஐந்து வகை உண்டு: பங்குனி ஆமை, பேராமை, அலுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை. நம் கரைகளில் முட்டையிட ஏறுவது பெரும்பாலும் பங்குனி ஆமைதான். சிற்றாமை என்றும் சொல்வார்கள். வளர்ந்த பெண் ஆமையின் ஓடு ஏறக்குறைய இரண்டு அடி நீளம், எடை 40 கிலோவை ஒட்டி. ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் ஒரே நேரத்தில் ஆயிரமாயிரமாகக் கரையேறுவதும் இதே இனம். நம் பக்கம் அப்படிக் கூட்டமாக வராது. ஒன்று, இரண்டு என்று வரும். அதனால்தான் ஒவ்வொரு குழிக்கும் இத்தனை நடை.

எந்த மாதத்தில் வர வேண்டும்?

முட்டையிடும் காலம் தையில் தொடங்கிப் பங்குனி வரை. முட்டை பொரிய ஏறக்குறைய 45 முதல் 60 நாள் ஆகும் என்பதால், குஞ்சுகள் வெளிவருவது மாசிக் கடைசியிலிருந்து சித்திரை, வைகாசி வரை நீளும். பள்ளித் தேர்வும் காரைக்குடி முத்துமாரியம்மன் மாசி-பங்குனித் திருவிழாவும் நடுவில் வருவதால் ஆட்கள் குறைவது அந்த வாரங்களில்தான். பால்குடம் எடுக்க வேண்டியவர்கள் எடுத்துவிட்டு வாருங்கள். தேர்வு எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டு வாருங்கள். சித்திரையில் பொரிப்பகக் காவலுக்குக் கைகள் போதவே போதா. வேலையைப் பார்த்து வருகிறவர்களுக்கு அதுதான் நல்ல மாதம்.

ஓர் இரவு எப்படிப் போகும்?

மாலையிலேயே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கரைக்குப் போவதற்கு முன்னால் அன்றைய நடையை நடத்தும் ஊர்க்காரரைச் சந்தித்து, அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வது முதல் வேலை. பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டி நடை தொடங்கும். அலை வந்து திரும்பும் ஈரக் கோட்டுக்குச் சற்று மேலே, வரிசையாக, பேச்சைக் குறைத்துக்கொண்டு நடப்போம். டார்ச் அடிப்பதில்லை. பத்து நிமிடத்தில் கண் இருட்டுக்குப் பழகிவிடும்; நட்சத்திர வெளிச்சத்திலேயே மணலின் மேடு பள்ளம் தெரியும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழநிக்கு நடந்தவர்களுக்கு இரவு நடை பழக்கம்தான், ஆனாலும் மணலில் நடப்பது கெண்டைக்காலை வேறு விதமாக வாங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தேடுவது தடத்தை. கடலிலிருந்து மேலேறி, மீண்டும் கடலுக்கே இறங்கும் இரண்டு தடங்கள். நடுவில் உடல் இழுபட்ட அகலக் கோடு, இருபுறமும் மாறி மாறித் துடுப்புக் கால்கள் மணலை வாரிய அடையாளம். ஏறிய தடமும் இறங்கிய தடமும் சேரும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். அதற்குள் எங்கோ குழி இருக்கிறது. எங்கே என்று சொல்வது அனுபவம். ஊர்க்காரர் மெல்லிய கம்பை மணலில் மென்மையாக அழுத்திக்கொண்டே வருவார்; ஓரிடத்தில் கம்பு சட்டென்று தளர்வாக இறங்கும். அங்கே கையால் தோண்ட வேண்டும். மண்வெட்டி கூடாது. வாய் குறுகி அடி அகன்ற அந்தக் குழி ஒன்றரை அடி ஆழம் வரை போகும். உள்ளே எலுமிச்சம்பழ அளவில், தோல் போல மெத்தென்ற வெள்ளை முட்டைகள் நூறுக்குக் குறையாமல் இருப்பது வழக்கம்.

எடுக்கும்போது முட்டையை உருட்டக் கூடாது. இட்டுச் சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேல்புறத்தோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். அதன் பிறகு திருப்பினால் கரு செத்துவிடும். இதற்காகவே இரவோடு இரவாக நடக்கிறோம். காலையில் எட்டு மணிக்குச் சாவகாசமாகப் போய் எடுத்தால், எடுத்ததன் பயனே போய்விடும். குழியிலிருந்த ஈர மணலோடு துணிப் பையில் வைத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில், அதே வடிவத்தில் குழி தோண்டிப் புதைத்து, தேதி, இடம், முட்டை எண்ணிக்கை எழுதிய அட்டையைக் குத்திவைப்போம். முட்டையை யார் தொடலாம் என்பதைத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன். புதியவர்களுக்கு அன்று வாய்ப்பது பெரும்பாலும் பை பிடிப்பதும் எண்ணுவதும்தான். எண்ணுவதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 45 நாள் கழித்து எத்தனை பொரிந்தன, எத்தனை கெட்டன என்று கணக்குப் பார்க்க அந்த எண்தான் அடிப்படை.

நடக்கும்போது ஆமையே எதிரில் வந்துவிட்டால்?

அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். கடலிலிருந்து ஏறி வரும் ஆமை ஆள் அரவம் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். குழி தோண்டி முட்டை இடத் தொடங்கிய பிறகு அவ்வளவு எளிதில் மிரளாது. அப்போதும் பின்பக்கமாக, தள்ளி, தாழ உட்கார்ந்து பார்க்கலாம். முன்னால் போவதும், ஓட்டைத் தடவுவதும், கைபேசியை உயர்த்துவதும் கூடாது. அதன் கண்ணிலிருந்து நீர் வழிவதைப் பார்த்து, வலியில் அழுகிறது என்று பலர் கலங்கிப்போகிறார்கள். உடலில் சேரும் மிகுதியான உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வழியாக அது வெளியேற்றுகிறது. கடலுக்குள்ளும் இது நடந்துகொண்டேதான் இருக்கும்.

முட்டையை இடம் மாற்றுவது இயற்கையில் தலையிடுவது ஆகாதா?

ஆகும். இதைக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் இந்தக் கவலை இல்லாதவர்கள் கையில் பொரிப்பகம் இருப்பது ஆபத்து.

முட்டை இட்ட இடத்திலேயே இருந்து பொரிவதுதான் முதல் தேர்வு. நாய், நரி, காட்டுப்பன்றி, முட்டை எடுக்கும் ஆள், குழி வரை ஏறும் அலை ஆகியவற்றில் ஏதோ ஒன்று உறுதியாக அழிக்கும் என்ற நிலையில்தான் மாற்ற வேண்டும். ஆள் நடமாட்டமுள்ள நம் கரைகள் பலவற்றில் தெருநாய்களின் தொல்லை அந்த நிலையில்தான் இருக்கிறது. விடியும் முன்னே குழியைக் கிளறி முட்டைகளைத் தின்று தீர்த்துவிடும்.

மாற்றுவதிலும் விலை உண்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. 29 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து வரும். அதற்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகளே மிகும். மிகவும் சூடேறினால் கரு செத்தே போகும். எல்லாக் குழிகளையும் நிழலில்லாத ஒரே வேலிக்குள் நெருக்கிப் புதைத்துவிட்டு, எத்தனை குஞ்சு விட்டோம் என்று மட்டும் பெருமை பேசுவது சரியான பாதுகாப்பு ஆகாது. நல்ல பொரிப்பகத்தில் குழிக்குக் குழி இடைவெளி இருக்கும், மேலே கீற்றோ நிழல்வலையோ இருக்கும், மணலின் வெப்பநிலையைக் குறித்துவைப்பார்கள், பழைய குழி மணலை மாற்றுவார்கள். எங்கே தன்னார்வலராகப் போனாலும் இந்த நான்கையும் பார்த்துவிட்டு, இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

யாருடைய அனுமதி வேண்டும்?

கடலாமை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே பாதுகாப்பு. வனத்துறையின் அனுமதி பெற்றவர்களும் அவர்கள் மேற்பார்வையில் வேலை செய்கிறவர்களும் மட்டுமே முட்டையைத் தொடலாம். நல்ல எண்ணம் சட்டத்தின் முன் விலக்கு ஆகாது. தனுஷ்கோடியில் மாலைக்கு மேல் பொதுமக்களை அனுமதிப்பதில்லை. கோடியக்கரை சரணாலயம் என்பதால் அங்கும் வனத்துறையைக் கேட்காமல் நுழைய முடியாது. நாலு நண்பர்கள் சேர்ந்து காரை எடுத்துக்கொண்டு நாங்களே போய்ப் பார்த்துக்கொள்கிறோம் என்றால், தயவுசெய்து வேண்டாம்.

கடற்கரை ஊர்க்காரர்களிடம் எப்படி நடந்துகொள்வது?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு விடையைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

நாம் அந்தக் கரைக்கு விருந்தாளிகள். படித்தவர், பட்டம் பெற்றவர், வெளிநாட்டில் வேலை பார்த்தவர் என்பதெல்லாம் தேவகோட்டை ரஸ்தாவிலேயே இறங்கிவிட வேண்டும். எந்தக் காற்றில் கடல் எப்படித் திரும்பும், எந்த இரவில் ஆமை ஏறும், எந்த மேட்டில் குழி தோண்டும் என்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள் அவர்கள். பருவத்தில் வனத்துறை கொடுக்கும் காவலர் கூலி அந்த ஊர் இளைஞர்கள் சிலருக்கு வருமானம். நாம் இலவசமாக வேலை செய்கிறோம் என்று சொல்லி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், ஆமைக்கும் துரோகம், ஊருக்கும் துரோகம். நாம் மூன்று இரவு நடந்துவிட்டுத் திரும்பிவிடுவோம். ஆண்டு முழுக்க அந்தக் கரையில் இருப்பது அவர்கள்.

ஆகவே நடையில் ஊர்க்காரர் முன்னே, நாம் பின்னே. பெரியவர்களை ஐயா என்றும், நம் வயதினரை அண்ணன், தம்பி, அக்கா என்றும் கூப்பிடுங்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்க வேண்டாம். மீன் காயவைத்திருக்கும் இடத்தில் மூக்கைப் பொத்த வேண்டாம். சாப்பாட்டுக்கு அழைத்தால் போய்ச் சாப்பிடுங்கள். அறிவுரை சொல்லும் எண்ணம் எழுந்தால், முதலில் ஒரு கேள்வியாக அதைக் கேட்டுப் பாருங்கள். விடை உங்கள் அறிவுரையை மாற்றிவிடும்.

சென்னையில் 1970களின் தொடக்கத்தில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இரவு நடையைத் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர்கள் வலையமைப்பாகச் சேர்ந்து அதை இன்று வரை நடத்துகிறார்கள். நகரத்துக்காரர்களால் முடியும் என்பதற்கு அது பெரிய சான்று. அவர்களுக்குக் கரை வாசலிலேயே இருக்கிறது, ஒவ்வோர் இரவும் நடக்க முடிகிறது. நமக்கு அந்த வசதி இல்லை. நம்மைப் போல உள்நாட்டிலிருந்து போகிறவர்கள் ஊர்க்காரர்களுக்கு உதவிக் கையாக இருப்பதுதான் பொருந்தும்.

மீனவர்கள்தானே வலை போட்டு ஆமையைக் கொல்கிறார்கள்? அவர்களோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்வது?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனம் சுருங்குகிறது. மீனவர் என்று ஒரே சொல்லில் எல்லாரையும் அடைக்க முடியாது. நாட்டுப்படகில் போகிறவர் வலையில் ஆமை சிக்கினால் வலை கிழிவது அவருக்குத்தான் நட்டம். வலையை அறுத்து ஆமையை விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் உண்டு. ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. மணிக்கணக்கில் கடலடியில் இழுபடும் இழுவலைக்குள் அகப்பட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, இழுவலை பற்றிய பேச்சுதான் முன்னே வந்தது.

கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்பது தமிழகத்தின் விதி. முட்டையிட வரும் ஆமைகள் திரள்வது அந்தக் கரையோர நீரில்தான். விதியைக் காத்தாலே பாதிச் சாவு குறையும் என்பது என் கருத்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் மீன்வளத்துக்காக வகுக்கப்பட்டது. அது தொடங்கும்போது ஆமை முட்டையிடும் பருவம் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

வழி இல்லாமலும் இல்லை. வலையின் கழுத்தில் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தினால் இறாலும் மீனும் கம்பிகளுக்கு இடையே உள்ளே போகும், ஆமை சட்டத்தில் மோதி மேலுள்ள திறப்பின் வழியே வெளியேறும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதை நம் நாட்டு வலைகளுக்கு ஏற்ப வடிவமைத்திருக்கிறது. மீனோடு சேர்ந்து லாபமும் அந்தத் திறப்பில் போய்விடும் என்ற பயம் படகுக்காரர்களுக்கு இருக்கிறது. கடனுக்கு டீசல் போட்டுக் கடலுக்குப் போகிறவரின் பயத்தை நாம் எளிதாக எண்ணக் கூடாது. அந்தச் சுமையை அரசும், இறாலை ஏற்றுமதி செய்து சம்பாதிக்கிறவர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

வலையில் சிக்கிய ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று உடனே கடலில் எறியக் கூடாது என்பதைப் படகுக்காரர்களிடம் நாங்கள் சொல்லிவருகிறோம். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பகுதியை அரை அடி உயர்த்தி, நிழலில் ஈரத் துணி போட்டு வைத்தால் நுரையீரலில் புகுந்த நீர் வடியும். சில மணி நேரத்திலோ, ஒரு நாள் கழித்தோகூடத் தெளிந்து எழுவது உண்டு. இதைக் கேட்டுவிட்டு நம்மைவிட நன்றாகச் செய்கிறவர்கள் அவர்கள்.

மகள் கல்லூரியில் படிக்கிறாள். இரவு வேலைக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம். கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். பெண்கள் நடைக்கு வரும் இரவுகளில் குழுவில் பெண் பொறுப்பாளர் ஒருவர் கட்டாயம் இருப்பார். தங்குவது ஊருக்குள் தெரிந்த குடும்பத்தின் வீட்டில். தனியாக யாரும், ஆணோ பெண்ணோ, கரையில் நிற்பதில்லை. பெற்றோர் ஒருவர் முதல் முறை கூட வந்து பார்ப்பதை நாங்களே விரும்புகிறோம். இரவில் கடலில் இறங்குவது எல்லாருக்கும் தடை; நீச்சல் தெரிந்தவருக்கும் தடை. 18 வயதுக்குக் குறைந்தவர்களை இரவு நடையில் சேர்ப்பதில்லை.

எனக்கு 68 வயது. மணலில் நடக்க முடியாது. என்னால் ஏதாவது ஆகுமா?

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் கேட்டது இது. ஆகும், ஆச்சி, நிறைய ஆகும். முட்டை எடுத்து வரும் துணிப் பைகளைத் தைக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக வேண்டும். குழியின் மேல் கவிழ்க்கும் கூடைகளைச் சொல்லி முடைந்து வாங்க வேண்டும். கையால் எழுதிய இரவுப் பதிவேடுகளைப் படித்துத் திருத்தமாக நகலெடுக்க வேண்டும். கணக்கு எழுதிப் பழகிய வீடுகள் நம்முடையவை, அந்தக் கண் இதற்கு வேண்டும். கரையில் எரியும் தெருவிளக்குகளுக்கு மறைப்புப் போட ஊராட்சிக்கு மனு எழுத வேண்டும். குஞ்சு பொரிந்ததும் வெளிச்சமான திசையை நோக்கித்தான் ஊர்ந்து போகும். இயற்கையில் அது கடல் வானம். ரோட்டோரம் பெரிய விளக்கு எரிந்தால் அதை நோக்கிப் போய் நசுங்கிச் சாகும். ஒரு நல்ல மனு நூறு நடைக்குச் சமம்.

'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று வீட்டில் தடுக்கிறார்கள். என்ன சொல்வது?

ஆமை நம் வீட்டுக்குள் வரப்போவதில்லை, நாம்தான் அதன் வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லுங்கள். பெரியவர்களோடு வாதாடி வெல்ல வேண்டியதில்லை. அவர்களையும் ஒரு சித்திரை விடியலில் அழைத்து வாருங்கள்.

குஞ்சுகளைக் கடலில் விடும் நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளை அழைத்து வரலாமா?

விடியற்காலை விடுதல் என்றால் வாருங்கள். கோட்டுக்குப் பின்னே நின்று, விளக்கில்லாமல், கையில் எடுக்காமல் பார்க்கும் பிள்ளைகள் அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். பட்டப்பகலில், மேடை போட்டு, மாலை மரியாதையோடு, குஞ்சை ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்துப் படம் எடுக்கும் நிகழ்ச்சிகளுக்கு நான் எதிரி. குழியிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு முதல் சில மணி நேரம்தான் ஓட்டமும் நீச்சலும் உச்சத்தில் இருக்கும். விருந்தினர் வரும் வரை தொட்டியில் வைத்திருந்தால் அந்த வலிமை தொட்டிச் சுவரில் மோதியே தீர்ந்துவிடும். பிறகு சுடுமணலில், காகமும் பருந்தும் பார்க்கும் வெளிச்சத்தில் விடுகிறோம். ஆயிரத்தில் ஒன்று பிழைத்துப் பெரிதாகும் என்று சொல்லப்படும் உயிரிடம் அந்த வாய்ப்பையும் பிடுங்குவது எந்த வகைப் பாதுகாப்பு?

அலைக்குச் சில அடி முன்னாலேயே விட்டு, தானாக ஊர்ந்து போகவிட வேண்டும். தூக்கிக் கடலில் போடுவதும் தவறு.

மீன் சாப்பிடுவதை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். நண்டு ரசமும் இறால் தொக்கும் இல்லாத செட்டிநாட்டுச் சமையலை நான் யாரிடமும் கேட்கப்போவதில்லை. எந்தப் படகு, எந்த வலை என்று மீன்காரரைக் கேட்கத் தொடங்குங்கள். நாட்டுப்படகு மீனுக்கு நாலு ரூபாய் கூடக் கொடுத்து வாங்குங்கள். ஆமை இறைச்சியோ முட்டையோ மருந்துக்கு என்று யாராவது நீட்டினால், விற்பதும் வாங்குவதும் குற்றம். ஆமை ரத்தம் மூலத்துக்கு நல்லது என்ற பேச்சு தென்கடற்கரையில் நெடுநாள் இருந்தது. அதை நம்பி எத்தனையோ பேராமைகள் செத்தன.

என்ன எடுத்து வர வேண்டும்? சம்பளம், சான்றிதழ் உண்டா?

அடர் நிற முழுக்கைச் சட்டை, தண்ணீர், பழகிய செருப்பு, குளிருக்கு ஒரு துண்டு. அத்தர், சென்ட் வேண்டாம். கட்டுச்சோறு கொண்டு வருகிறவர்கள் தூக்குச்சட்டியிலோ வாழை இலையிலோ கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பொட்டலத்தோடு வந்தால் வெற்றுப் பையையும் உங்களோடு ஊருக்கே கொண்டுபோக வேண்டும். சிவப்புத் தாள் ஒட்டிய சிறிய விளக்கு பொறுப்பாளரிடம் மட்டும் இருக்கும்.

சம்பளம் இல்லை. பஸ் செலவும் சாப்பாடும் அவரவருடையது. தங்கும் வீட்டுக்கு ஒரு தொகை கொடுத்துவிட வேண்டும், அவர்கள் மறுத்தாலும். பருவத்தில் ஐந்து இரவாவது முழுதாக வந்தவர்களுக்கு, கல்லூரி கேட்டால் கடிதம் கொடுக்கிறோம்.

பல இரவு நடந்தும் ஒரு தடம்கூடக் கிடைக்கவில்லை என்றால்?

அது வழக்கமானதுதான். "இன்று இந்தக் கரையில் ஆமை ஏறவில்லை" என்று பதிவேட்டில் எழுதுவதும் ஒரு தகவல். வெற்று இரவுகளை எழுதாமல் விட்டால், எந்த ஆண்டு கூடியது, எந்த ஆண்டு குறைந்தது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். ஆமை பார்த்த இரவை எல்லாரும் எழுதிவிடுவார்கள். பார்க்காத இரவையும் கையெழுத்திட்டு எழுதுகிறவரைத்தான் நாங்கள் அடுத்த ஆண்டும் கூப்பிடுகிறோம்.

ராமேசுவரமோ வேறு கடற்கரையோ போன இடத்தில் செத்த ஆமையைக் கண்டால்?

தொட வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். இடத்தின் அடையாளம், நேரம், ஓட்டின் நீளம் தெரியும்படி பக்கத்தில் செருப்பையோ குடையையோ வைத்து ஒரு படம், கழுத்திலும் துடுப்பிலும் வலைக் கயிறு இருந்தால் அதற்கு ஒரு படம். அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கோ கடலோரக் காவல் நிலையத்துக்கோ சொல்லிவிடுங்கள். கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தால்தான் மூச்சு முட்டிச் செத்ததா, படகு மோதியதா என்பது தெரியவரும். உயிரோடு தடுமாறிக் கிடந்தால் கடலுக்குள் தள்ளிவிடக் கூடாது. நாய்களை விரட்டி, நிழல் செய்து, ஆட்கள் வரும் வரை பக்கத்திலேயே இருங்கள்.